மனோஜ்குமார் வந்துகொண்டிருக்கிறார்

துடியலூரிலிருந்து ஆர்.எஸ்.புரம் வரைக்கும், பசிக்கு ஆர்டர் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்களின் போனில் அந்த வரிகள்தான் ஓடும். மனோஜ்குமார் உங்கள் உணவை வாங்கிவிட்டார். மனோஜ்குமார் வந்துகொண்டிருக்கிறார். மனோஜ்குமார் பக்கத்தில் வந்துவிட்டார். கதவைத் திறந்தால் மழை சொட்டும் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் சிரிப்பாள்.

"மனோஜ்குமாருங்களா?" என்று சந்தேகத்தோடு இழுப்பார்கள்.

"ஆமாங்க," என்பாள் லோகப்பிரியா.

வேறு என்ன சொல்வது? நிஜமான மனோஜ்குமார் அந்த நேரத்தில் துடியலூர் லைன் வீட்டில் போர்த்திக்கொண்டு தூங்குகிறார், அவர் என் வீட்டுக்காரர், ராத்திரி பூராவும் நூல் மில்லில் நின்றுவிட்டுக் காலையில்தான் தலையில் பஞ்சோடு வந்து சேர்ந்தார், அவர் பேரில் நான் வண்டி ஓட்டுகிறேன் என்று ஒவ்வொரு வாசலிலும் கதை சொல்லிக்கொண்டிருந்தால் சாம்பார் ஆறிப்போகும்.

டெலிவரி செயலியில் அவள் பேரிலும் ஒரு ஐடி இருக்கத்தான் செய்தது. போன வருஷம் புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் அதற்குச் சனி பிடித்தது. இரண்டு பைகள், இரண்டும் ஒரே நிறம். தயிர்சாதம் போக வேண்டிய வீட்டில் மட்டன் பிரியாணியைக் கொடுத்துவிட்டாள். உள்ளே வீடு நிறைய நாமம் போட்ட சொந்தபந்தம். பெருமாளுக்குத் தளிகை போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பொட்டலத்தைப் பிரித்த கையோடு போட்ட புகாரில் லோகப்பிரியாவின் ஐடி அன்றைக்கே போய்ச் சேர்ந்தது. பெருமாள் மன்னித்திருப்பார், செயலி மன்னிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் மனோஜ்குமார் பேரில் ஒரு ஐடி எடுத்து, அதை அவள் போனில் போட்டுக்கொண்டு ஓட்டுவது என்று ஆனது. ஊரில் பாதிப் பேர் செய்கிற காரியம்தான். தம்பி பேரில் அண்ணன் ஓட்டுவான், மச்சான் பேரில் மாமன் ஓட்டுவான். செயலிக்கும் இது தெரியும். அதனால் அது நாளில் எப்போதாவது ஒருமுறை, நினைத்த நேரத்தில், முகத்தைக் காட்டு என்று கேட்கும். கையிலிருக்கும் ஆர்டரைக் கொடுத்து முடித்து அரை மணி நேரத்துக்குள் காட்டியாக வேண்டும். வெறும் முகம் போதாது. யாராவது போட்டோவைக் காட்டி ஏமாற்றிவிடக் கூடாது என்று, கண்ணைச் சிமிட்டு என்றும் சொல்லும்.

ஆகவே முகம் கேட்டால் லோகப்பிரியா எந்த மூலையில் இருந்தாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு ஓட வேண்டும். தூங்குகிற புருஷன் முகத்துக்கு நேரே போனைப் பிடித்து, "ஏனுங்க, ஒருக்கா சிமிட்டுங்க" என்று கேட்க வேண்டும். அவன் கண்ணைத் திறந்து சிமிட்டுவான். போன் பச்சை டிக் போடும். அவன் மறுபடியும் கண்ணை மூடிக்கொள்வான். அவள் மறுபடியும் மனோஜ்குமாராகி மேட்டுப்பாளையம் ரோட்டுக்குப் போவாள்.

ஆரம்பத்தில் இது அவளுக்குப் பெரிய ரோதனையாக இருந்தது. இந்த ஆனி மாதத்தில் அவள் அதற்காகவே காத்திருந்தாள். புருஷன் முகத்தைப் பார்க்கச் செயலி உத்தரவு போடட்டும் என்று ஏங்கிக் கிடந்த பெண்டாட்டி கோயமுத்தூர் ஜில்லாவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

அதற்குக் காரணம் உண்டு. மாசி மாதத்தில் அவளுக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துபோனது.

அன்றைக்குக் கவுண்டம்பாளையத்தில் ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் நிற்கும்போது அடிவயிற்றைப் பிடித்துத் திருகுகிற மாதிரி வலி வந்தது. உள்ளுக்குள் ஏதோ தப்பு என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டாள். நல்ல பகல், அவன் தூங்குகிற நேரம். கையில் இருந்த பொட்டலத்தைச் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு, தானே வண்டியை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். இது யாருடைய தப்பும் இல்லை, வண்டி ஓட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இயற்கையாகவே சிலது தங்காது என்று டாக்டரம்மா சொன்னார். அவளும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பல்லடத்திலிருந்து மாமியார் பூவாத்தாள் வந்தாள். வந்தவள் ரசம் வைத்துக் கொடுத்தாள், தலையைத் தடவிக் கொடுத்தாள், தடவிக்கொண்டே சொன்னாள்: "பொட்டப்புள்ள வண்டியில குலுங்கிக் குலுங்கி ஊரு சுத்துனா, வகுத்துல எப்பிடி அம்மணி தங்கும்?"

எங்கள் பக்கத்தில் குத்துவதைக்கூட மரியாதை குறையாமல்தான் குத்துவார்கள். பூவாத்தாள் கெட்டவளும் இல்லை. வாய் இருக்கிறது, மனதில் பட்டது வந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று லோகப்பிரியா அதைத் தள்ளிவிட்டிருப்பாள். ஆனால் மனோஜ்குமார் அப்போது அந்த அறையிலேயே, சுவரில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். இல்லையம்மா என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையைக் குனிந்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிலிருந்து வீட்டில் பேச்சு தேய்ந்துபோனது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்தால் தேவலை, இரண்டு தட்டாவது உடையும், அப்புறம் சமாதானமாவது வரும். இது வேறு. சோறு போடட்டுங்களா என்பாள், போடு என்பான். கேஸ் தீர்ந்துபோச்சுங்க என்பாள், சொல்லிடறேன் என்பான். காலையில் அவன் வரும்போது அவள் கிளம்பிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் அவன் மில் பஸ்ஸைப் பிடிக்கப் போகும்போது அவள் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருப்பாள். முன்பெல்லாம் வாய்க்கு வாய் "அம்மணி" என்று கேலி செய்துகொண்டிருந்தவன், இப்போது வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஆளிடம் பேசுவதுபோல் அளந்து பேசினான். அவனும் தன்னைத்தான் குற்றம் சொல்கிறானா என்ற ஒரே கேள்வி அவள் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. கேட்டுவிடலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் எப்படி இருப்பது? அந்தப் பயத்தில் நான்கு மாதம் ஓடிவிட்டது.

ஆனி பிறந்ததும் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று இறங்கியது. கோயமுத்தூரில் இந்த மாதத்து மழையை மழை என்றே சொல்ல முடியாது. குடை பிடித்தால் அசிங்கம், பிடிக்காவிட்டால் ஜலதோஷம். குருடிமலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. பகல் பதினொரு மணிக்கும் விடியற்காலை மாதிரியே வெளிச்சம். அந்த மங்கலில் வண்டி ஓட்டுவது பாதித் தூக்கத்தில் நடப்பது போலத்தான். தெருக்கள் தானாக வந்து தானாக விலகும். தெரியாத வீடுகளில் தெரியாத குரல்கள் அவளைப் புருஷன் பேர் சொல்லிக் கூப்பிடும். கல்யாணமான நாளிலிருந்து அவன் பேரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மாவும் சித்திகளும் சொல்லாததால் இவளும் சொன்னதில்லை, அவ்வளவுதான். இப்போது ஒரு நாளைக்கு எத்தனை வாசலில், "மனோஜ்குமாருங்க, ஆர்டருங்க." சொல்லச் சொல்ல அந்தப் பேர் தன் பேராகவே ஆகிவிட்டது போலவும், தான் எங்கேயோ ஒரு கட்டிலில் படுத்துத் தூங்குவது போலவும், ஹெல்மெட்டுக்குள் ஓடுகிற இந்தப் பெண் அந்தத் தூக்கத்தில் வருகிற கனவு போலவும் அவளுக்குச் சில சமயம் தோன்றும். பின்னால் வருகிற டவுன் பஸ் ஹாரன் அடித்து எழுப்பிவிடும்.

அந்த மாதிரி ஒரு நாளில்தான் அது முதலில் நடந்தது. முகம் கேட்டு ஓடிவந்து, போனைப் பிடித்து, அவன் சிமிட்டி, டிக் விழுந்து, கண்ணை மூடிய பிறகு, அவன் தூக்கத்திலேயே பேசினான்.

"நனஞ்சுட்டு வந்திருக்கற. தலையத் தொவட்டு, அம்மணி."

அவள் அப்படியே நின்றாள். நான்கு மாதமாகக் கேட்காத அம்மணி. அவன் கண்கள் மூடித்தான் இருந்தன. மூச்சு சீராக வந்தது. அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தாள். அன்றைக்கு மனோஜ்குமார் போன வீடுகளில் எல்லாம் சிரித்த முகமாகவே போனார். சாயங்காலம் அவன் எழுந்து காபி குடிக்கும்போது, "மத்தியானம் ஏதோ சொன்னீங்களே," என்று மெல்லக் கொக்கி போட்டாள். "நானா? தூங்கிட்டல்ல இருந்தேன்," என்று டம்ளருக்குள் பார்த்துச் சொன்னான்.

அடுத்த முறை முகம் கேட்டபோது, "மருதமல படி ஏறிட்டிருக்கறம். நீ பாட்டுக்கு முன்னால போற. நில்லு புள்ள, நானும் வாரேன்," என்றான். அதற்கடுத்த முறை அவர்களுடைய வண்டி பவானி ஆற்றுக்கு மேல் பறந்துகொண்டிருந்தது. பெட்ரோல் இருக்குதா பாரு என்றான். கனவிலும் மனுஷனுக்குப் பெட்ரோல் கவலை.

அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. விழித்திருக்கும்போது வீட்டிலே ஒரு ஆள், தூங்கும்போது வேறு ஆள். அவள் அந்தத் தூங்குகிற ஆளைக் காதலிக்க ஆரம்பித்துவிட்டாள் என்றே சொல்ல வேண்டும். ஆர்டருக்காக ஓட்டல் வாசலில் நிற்கும்போதெல்லாம், இன்றைக்கு இன்னும் முகம் கேட்கவில்லையே என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். துடியலூரை விட்டுத் தூரமாகப் போகிற ஆர்டர் விழுந்தால் எரிச்சலாக வரும்.

அப்படி இருக்கும்போதுதான் போன செவ்வாய்க்கிழமை அவன் அதைச் சொன்னான். சிமிட்டினான், டிக் விழுந்தது, கண்ணை மூடினான். அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கிளம்பலாம் என்று திரும்பும்போது உதடு அசைந்தது.

"அன்னிக்கு மட்டும்…"

அவ்வளவுதான். சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மீதியை நிரப்பிக்கொள்ள அவளுக்கு யாருடைய உதவியும் வேண்டியிருக்கவில்லை. அன்னிக்கு மட்டும் நீ வண்டிய எடுக்காம இருந்திருந்தா. வேறென்ன இருக்க முடியும்? பூவாத்தாள் வாயால் சொன்னாள், மகன் கனவில் சொல்கிறான். ஆனாலும் தூக்கத்தில் உளறுவதை எல்லாம் கணக்கில் எடுக்கலாமா என்று ஒரு சின்ன ஆசை. ஓட்டல் வாசலில் பக்கத்து வண்டிமேல் உட்கார்ந்திருந்த தாரிக்கிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டுப் பார்த்தாள். தாரிக் உக்கடத்துப் பையன், அவளோடு அதே ஏரியாவில் ஓட்டுகிறவன், எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பான்.

"தூக்கத்துல பேசறது நெசமா இருக்குமா, தாரிக்கு?"

"அக்கா, முழிச்சிருக்கறப்பதான் மனுசன் பொய் சொல்லுவான்," என்றான் தாரிக். "தூக்கத்துல பொய் சொல்றதுக்கு எவன் ட்ரெயினிங் குடுத்தான்?"

அவனுக்கென்ன, சொல்லிவிட்டு ஆர்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு ஓடினாள். அதற்கப்புறம் முகம் கேட்டால் வேண்டாவெறுப்பாகத்தான் வண்டியைத் திருப்பினாள். நேற்று வரை எதற்காக ஏங்கினாளோ, அதற்கே இப்போது பயந்தாள். டிக் விழுந்த மறுநொடியே, அவன் வாய் திறப்பதற்குள், தப்பித்தோம் பிழைத்தோம் என்று வெளியே வந்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு அரிசிம்பருப்புச் சாதத்துக்கு ஆர்டர் வந்தது. அரிசியையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டுக் குக்கரை மூடினால் தானாக ஆகிவிடுகிற பண்டம். அதையும் ஆர்டர் போட்டுத் திங்கிற காலம் வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு பாதி தூரம் போனபோது, வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்துவிட்டார் என்று போன் சொன்னது. திருப்பித் தர வேண்டாம், உணவை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. வண்டியை ஓரம் கட்டினாள். பைக்குள்ளிருந்து நெய்யும் பூண்டும் மணத்தன. இது அவனுக்கு உயிர். வீடு பக்கத்தில்தான் இருந்தது. யாரும் முகம் கேட்காமல், உத்தரவு எதுவும் இல்லாமல், தன் வீட்டுக்குத் தானே போய் எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. சாப்பாட்டை வைத்துவிட்டு வருவோம் என்று வண்டியைத் திருப்பினாள்.

லைன் வீட்டுச் சந்தில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். முந்தின நாள் வரை முக்கி முனகி வண்டியை உள்ளே ஓட்டிவிடுவாள்; அன்றைக்குச் சேறு முழங்காலளவு ஆகிவிட்டதால் மெயின் ரோட்டிலேயே வண்டியை விட்டுவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாள். வழக்கம்போல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே ஒரு புது ஆள் தூங்கிக்கொண்டிருந்தான்.

மனோஜ்குமார்தான். ஆனால் அவள் பார்த்துப் பழகிய தூக்கம் இல்லை இது. வாய் ஆவென்று திறந்திருந்தது. ஓரத்தில் எச்சில் வழிந்து தலையணையில் தீவு கட்டியிருந்தது. ஒரு கால் சுவர்மேல் ஏறியிருந்தது, லுங்கி எங்கேயோ போயிருந்தது. குறட்டை என்றால் அப்படி ஒரு குறட்டை. மில்லே வீட்டுக்குள் வந்து ஓடுகிற மாதிரி இருந்தது. "ஏனுங்க," என்றாள். அசைவில்லை. "ஏனுங்க, சோறு கொண்டாந்திருக்கறேன்." கால் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டினாள். "இழ அந்துபோச்சு, அத முடி மொதல்ல," என்று மில்லில் யாரையோ அதட்டிவிட்டு அவன் மறுபடியும் குறட்டைக்குள் போனான்.

தினமும் ஒரே கூப்பாட்டுக்குக் கண் திறக்கிறவன் இன்றைக்கு ஏன் இப்படிக் கட்டையாகக் கிடக்கிறான் என்று யோசித்தபடியே, சாதத்தைப் பாத்திரத்துக்கு மாற்ற அடுப்படிக்குள் போனாள். அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு பழைய புடவைதான் திரை. பொட்டலத்தின் முடிச்சை அவிழ்க்கும்போது இடுப்பில் இருந்த போன் அதிர்ந்தது. முகத்தைக் காட்டவும்.

அதே நொடியில் அறைக்குள்ளும் ஒரு போன் உறுமியது. தலையணைக்கு அடியிலிருந்து, மெத்தைக்குள் அமுங்கி, ஒரு வண்டு முனகுகிற அளவுக்குத்தான் சத்தம். குறட்டை பட்டென்று நின்றது.

லோகப்பிரியா திரை விலகிய இடைவெளியில் பார்த்தாள். மனைவி கூப்பிட்டும் அசையாதவன், கட்டைவிரலை ஆட்டியும் எழாதவன், அந்த வண்டுச் சத்தத்துக்கு நெருப்பை மிதித்தவன்போல் எழுந்து உட்கார்ந்திருந்தான். தலையணைக்கு அடியில் கைவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தான். ஐடி அவன் பேரில், அவன் நம்பரில் இருப்பதால், அவளுக்கு வருகிற உத்தரவு அவனுக்கும் வரும் என்பது அவளுக்கு இத்தனை நாளும் தோன்றவே இல்லை.

அதற்கப்புறம் அவன் செய்ததை எல்லாம் அவள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். எச்சில் பட்ட தலையணையைத் திருப்பிப் போட்டான். லுங்கியைத் தேடி எடுத்துக் கட்டினான். சின்னக் கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைப் பொறுக்கி எடுத்தான். விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டான். பிறகு மல்லாந்து படுத்து, இரண்டு கைகளையும் வயிற்றுமேல் வைத்து, கண்ணை மூடி, நல்ல பிள்ளையாகத் தூங்க ஆரம்பித்தான்.

மருதமலைப் படியும் பவானி ஆறும் பெட்ரோலும் எல்லாம் பொய். கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு சொன்ன பொய். அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. உடனே சிரிப்பு வந்தது. அவன் உதடுகள் அசைவதைப் பார்த்ததும் இரண்டும் போய்விட்டன. மனோஜ்குமார் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மணி… அன்னிக்கு மட்டும்…" என்றான் மெதுவாகக் கூரையைப் பார்த்து. நிறுத்தினான். தலையை ஆட்டிக்கொண்டான். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும், "அன்னிக்கு மட்டும்…" அதற்குமேல் அவனால் முடியவில்லை. முகத்தின்மேல் துண்டைப் போட்டு அமுக்கிக்கொண்டான்.

அடுப்படிக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்துக்கு ஒரு கதவு உண்டு. அதை ஓசையில்லாமல் திறந்துகொண்டு வெளியே வந்தாள். லைன் வீடுகளைச் சுற்றிக்கொண்டு, சாரலில், அடுத்த வீட்டு வாளிகளைத் தாண்டி நடந்தாள். அந்த மீதி வார்த்தை எதுவாக இருந்தாலும் சரி, இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்துவிட்டாள். இத்தனை சிரமப்பட்டு ஒரு ஆள் தூங்குகிறான் என்றால், அதில் கேட்கிற அளவுக்கு ஏதோ இருக்கத்தான் வேண்டும். வாசலுக்கு வந்ததும், அங்கே விட்டுப் போயிருந்த செருப்பை எடுத்துத் தொப்பென்று தரையில் போட்டாள். கதவைச் சத்தமாகத் தள்ளினாள்.

"ஏனுங்க, ஒருக்கா சிமிட்டுங்க."

அவன் எப்போதும்போல் இமையைக் கஷ்டப்பட்டுப் பிரித்தான். என்ன நடிப்பு. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனை உயர்த்தினாள், படம் எடுக்கவில்லை.

"அன்னிக்கொரு நாளு பாதியில உட்டுட்டீங்க," என்றாள். "அன்னிக்கு மட்டும்னு சொன்னீங்க. மீதியச் சொல்லுங்க. தூக்கத்துலயே சொல்லுங்க, பரவால்ல."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கூரைத் தகரத்தில் சாரல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

"அன்னிக்கு மட்டும் நான் தூங்காம இருந்திருந்தா."

அவள் போனைத் தாழ்த்தினாள்.

"எந்திரிச்சுப் பாக்கறேன், போனு பூராவும் உன்ற பேரு. வரிசையா உன்ற பேரு. எத்தன வாட்டி கூப்புட்டிருக்கற. நான் இங்க மலையாட்டம் கெடந்து ஒறங்கியிருக்கறேன். நீ அந்த வலியோட வண்டி ஓட்டிட்டுப் போயிருக்கற." மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போனது. "அதுலருந்து தூங்கறதுக்கே பயமா இருக்குது, அம்மணி. போனத் தலகாணிக்கு அடியில வெச்சுட்டுத்தான் படுக்கறேன். எத்தன அசதியா இருந்தாலும் அது அசஞ்சா முழிப்பு வந்துரோணும்னு."

நான்கு மாதமாகத் தொண்டையில் நின்ற முள் அசைந்தது. அது முழுசாக வெளியே வர அவள் கேட்டே ஆக வேண்டும்.

"அப்ப, நான் வண்டி ஓட்டுனதாலன்னு நீங்க நெனைக்கலீங்களா?"

அவன் கண்ணைத் திறந்துவிட்டான். நன்றாக, முழுசாக. தூங்குகிறவனாக இருப்பதையே மறந்துவிட்டான்.

"ஆரு சொன்னா?"

"உங்கம்மா சொன்னாங்க. நீங்க வாயத் தொறக்கலையே."

"எனக்கு அன்னிக்கு வாயி ஏது? தூங்கிக் கெடந்த கழுதைக்கு வாயி ஒண்ணுதான் கொறச்சல்," என்றான். "நீ என்னைய ஒரு வார்த்தை கேப்பேன்னு பாத்துட்டிருந்தேன். எங்க போனீங்க, ஏன் எடுக்கலீன்னு. நீ கேக்கவே இல்ல. பேசறதே இல்ல. சரி, என்ற மூஞ்சில முழிக்கவே புடிக்கலையாட்ட இருக்குதுன்னு…"

இரண்டு பேரும் ஒருத்தர் வாயிலிருந்து வரப்போகிற குற்றச்சாட்டுக்காக இன்னொருத்தர் தலையைக் குனிந்துகொண்டு நான்கு மாதம் காத்திருந்திருக்கிறார்கள். இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று எனக்கே தெரியவில்லை, அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் இரண்டையும் செய்தாள். ஈரச் சட்டையோடு அப்படியே சாய்ந்து, அவன் தலையணையில், அவன் கன்னத்தோடு தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள். மாசிக்குப் பிறகு அந்தக் குழந்தைக்காக இரண்டு பேரும் ஒன்றாக அழுதது அப்போதுதான். அதுவரை தனித்தனியாக, அவன் மில் சத்தத்திலும் அவள் ஹெல்மெட்டுக்குள்ளும் அழுதிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "முகம் கேட்டுச்சே, காட்டோணுமல்லொ," என்றான்.

அவள் படுத்தபடியே கையை நீட்டிப் போனைத் தூக்கிப் பிடித்தாள். திரையில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். அழுது வீங்கிய நான்கு கண்கள். செயலி கொஞ்சம் யோசித்தது. பிறகு சிவப்பு எழுத்தில் சொன்னது: படத்தில் இரண்டு முகங்கள் உள்ளன. மனோஜ்குமார் மட்டும் இருக்கவும்.

"நவுரு புள்ள. ஐடி போயிரும்."

"நானும் மனோஜ்குமாருதானுங்க," என்றாள் அவள், நகராமல்.

செயலி இன்னொரு முறை கேட்டது. அப்புறம் அலுத்துப்போய், இன்றைக்கு இந்தக் கணக்கில் வேலை இல்லை, நாளைக்கு முயற்சி செய்யவும் என்று சொல்லித் தானே அணைந்துகொண்டது. நாளைப் பாடு நாளைக்கு. அடுப்படியில் அரிசிம்பருப்புச் சாதம் யாருக்கும் இல்லாமல் ஆறிக்கொண்டிருந்தது.

"நான் இங்கயேதான் இருக்கறேன். எங்கயும் போகல," என்றாள் லோகப்பிரியா. "தூங்குங்க."

அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து தன் போனை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, சுவர்மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து தூங்கிப்போனான்.